சோப்போடு சென்ற அன்னை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொண்டுக்குப் பெரிதும் வேண்டுவது உருகும் உள்ளமா, ஒழுங்கான பணியா என்பது தலைப்பு. ஒழுங்கான பணியே என்று பேச வந்த என்னை, எதிரணி நண்பர் வீசிவிட்டுப் போன ஒரு வாக்கியம் தைத்துவிட்டது. "மொலக்காய்த் தீவுக்கு டேமியன் அடிகளார் இதயத்தோடு போனார், அன்னை மரியான் கோப் சோப்போடு போனார். அவர் தொழுநோயாளியாகவே மாறி இறந்தார், இவர் எண்பது வயதுவரை சுகமாக இருந்தார்" என்றார். அவையும் கைதட்டியது. மொலக்காய் என்பது ஹவாயில் தொழுநோயாளரை ஒதுக்கி அனுப்பிய தீவு; டேமியன் அங்கே அவர்களோடு வாழ்ந்து தொண்டு செய்த பாதிரியார்.

சோப்போடு போனவர் யார் என்று சொல்கிறேன். 1838இல் ஜெர்மனியில் பிறந்து, குழந்தையாகவே அமெரிக்காவுக்கு வந்து, தந்தை நோயில் விழுந்ததால் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கி, 1862இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவர். பிறகு சிரக்கூஸ் நகரில் புனித சூசையப்பர் மருத்துவமனையை நிர்வகித்தார். 1883இல் தொழுநோயாளரைக் கவனிக்கச் செவிலியர் வேண்டும் என்று ஹவாயிலிருந்து அழைப்பு வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகள் மறுத்துவிட்ட அழைப்பு அது. எந்த நோய்க்கும் தாம் அஞ்சவில்லை என்று எழுதிவிட்டு, ஆறு சகோதரிகளோடு கப்பலேறினார் அன்னை. ஹொனலூலுவின் ககாக்கோ மருத்துவமனையில் நோயாளிகளைக் கொடுமைப்படுத்திய நிர்வாகியைக் கண்டதும், அவரை நீக்குங்கள், இல்லையேல் நாங்கள் ஊர் திரும்புகிறோம் என்று அரசிடமே சொன்னார். அரசு பணிந்தது; பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது.

இனி, அந்தச் சோப்புக்கு வருகிறேன். 1888இல் அன்னையோடு மொலக்காயின் கலாவுபாபா தொழுநோயாளர் குடியேற்றத்துக்குச் சென்ற சகோதரி லியோபோல்டினா, எனக்கும் இந்த நோய் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டார். எண்ணிப் பாருங்கள்: அன்று நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது, அது கிடைக்க 1940கள் வரை உலகம் காத்திருந்தது. நாள் முழுதும் அழுகிய புண்ணைக் கழுவித் துணி சுற்றும் பெண் கேட்கிறார். அன்னை அழவில்லை, அணைத்து ஆறுதல் கூறி மழுப்பவுமில்லை. உனக்கு இந்நோய் வராது என்றார். நாம் எல்லோரும் ஆபத்தில்தான் இருக்கிறோம். ஆனால் எச்சரிக்கையோடு கடமையைச் செய்தால் கடவுள் காப்பார் என்றார். நண்பரே, கவனியுங்கள்: கடவுள் காப்பார் என்பதற்கு முன்னால் எச்சரிக்கையை வைத்தார். ஒவ்வொரு புண்ணைத் தொட்ட பிறகும் கை கழுவச் சொன்னார். அந்தச் சகோதரிகளில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை. உங்கள் கணக்கில் அது குறையா? செவிலி படுக்கையில் விழுந்தால், அடுத்த நாள் காலையில் அந்தப் புண்ணுக்கு யார் கட்டுப் போடுவது? சுகமாக இருந்தார் என்றீர்களே, முப்பதாண்டுகள் அந்தக் குடியேற்றத்தை விட்டு அகலாமல், தாயைப் பிரிந்து அங்கே அனுப்பப்பட்ட சிறுமியருக்கு வண்ண உடை தைத்துக் கொடுத்து, பாட்டும் பின்னலும் கற்பித்து, 1918இல் அங்கேயே கண்மூடிய வாழ்க்கைக்கா அந்தப் பெயர்?

இதற்கு மேல் தலைப்பைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை, நடுவர் அவர்களே. நண்பர் எதிரெதிரே நிறுத்திய அந்த இருவரையும் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். 1886இல், தொழுநோய் உறுதியான பிறகு டேமியன் ஹொனலூலுவுக்கு வந்தபோது, அரசினரும் திருச்சபைத் தலைவர்களும் அவரை ஏற்கத் தயங்கினார்கள். கதவைத் திறந்து விருந்தோம்பியவர் இந்த அன்னைதான். 1889இல் மரணப் படுக்கையில் கிடந்த டேமியனுக்கு, அவர் வளர்த்த சிறுவர்களைப் பற்றிய கவலை இருந்தது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அன்னையும் சகோதரிகளும் அவருக்கு வாக்களித்தார்கள். அவர் இறந்ததும் அந்தப் பிள்ளைகளின் பொறுப்பை ஏற்றார்கள். தம் உயிரையே கொடுத்த மனிதர், தம் பிள்ளைகளை நம்பி விட்டுச் சென்றது யாரிடம்? நீங்கள் எள்ளி நகைத்த அந்தச் சோப்புக் கைகளிடம்தான். நண்பர் அந்த வாக்கியத்தை இந்த அவையிலேயே திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.