சண்டையே போடாம லெவல் ஏறலாமா? தாண்டிப்போன என்கவுண்டருக்கு எக்ஸ்பி கணக்கு

[திரையில்: மூடின கதவு. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம்.]

டேபிளைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு (ரோல்பிளேயிங் கேம்) இது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓகர் (பெரிய அரக்கன்), நாலு கோப்ளின் (குட்டிப் பூதம்). கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துறவர், அந்த ரூமுக்குன்னு மேப் வரைஞ்சு, பொம்மையெல்லாம் அடுக்கி வச்சு, ஓகருக்குன்னு தனியா ஒரு கட்டைக்குரல் கூட பழகி வச்சிருக்கார். பிளேயர்ஸ் கதவுல காதை வச்சுக் கேட்டாங்க. "உள்ள ஏதோ பெருசா தூங்குது, அப்படியே நைசா போயிடலாம்." ஸ்டெல்த் ரோல் போட்டாங்க (பதுங்கிப் போக முடியுதான்னு டைஸ் உருட்டறது), போயே போயிட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது.

இப்போ இவங்களுக்கு எக்ஸ்பி, அதாவது சேரச் சேர லெவல் ஏத்துற அனுபவப் புள்ளி, உண்டா, இல்லையா? இதுக்கு டேபிள்ல நடக்கிற சண்டை இருக்கே, ஓகரோட போட்டிருக்க வேண்டிய சண்டையை விடப் பெருசு.

பதிலை முதல்லயே போட்டு உடைச்சிடறேன்: உண்டு, முழுசா உண்டு. ஆனா எல்லாத் தாண்டலுக்கும் கிடையாது. எதுக்கு உண்டு, எதுக்கு இல்லைன்னு தெரியறதுதான் விஷயம்.

தமிழ்ல என்கவுண்டர்னு சொன்னாலே போலீஸும் துப்பாக்கியும்தான் ஞாபகம் வருது. பல டேபிள்ல ஆடுறதைப் பார்த்தா அந்த அர்த்தத்துலதான் ஆடுறாங்க போல! இந்த விளையாட்டுல என்கவுண்டர்னா வழியில நிக்கிற ஒரு தடை, அவ்வளவுதான். அதை வெட்டியும் தாண்டலாம், பேசியும் தாண்டலாம், ஏமாத்தியும் தாண்டலாம்.

[திரையில்: எண்கள்]

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற விளையாட்டோட அஞ்சாம் பதிப்பு, 2014 விதிகளை எடுத்துக்குவோம். ஓகர் 450 எக்ஸ்பி. கோப்ளின் ஒண்ணுக்கு 50, நாலுக்கு 200. மொத்தம் 650. நாலு பேர் பார்ட்டின்னா ஆளுக்கு 162. லெவல் 3-லேர்ந்து 4-க்குப் போக, அதாவது 900-லேர்ந்து 2,700-க்கு, 1,800 வேணும். அப்போ இந்த ஒரு ரூம் ஒன்பது சதவீதம். இந்த மாதிரி நாலு ரூமைத் தாண்டினாங்க, நீங்க எதுவும் குடுக்கலைன்னா, மூணுல ஒரு பங்கு லெவலுக்கு மேல காலி.

இங்கேயே ஒரு குழி இருக்கு. அஞ்சு மான்ஸ்டர் சேர்ந்து வந்தா கஷ்டத்தைக் கணக்குப் போட 650-ஐ ரெண்டால பெருக்கச் சொல்லுது அந்தப் புத்தகம். 1,300 வரும். லெவல் 3-ல நாலு பேருக்கு 900 தாண்டினா 'ஹார்டு', 1,600 தாண்டினா 'டெட்லி'. ஸோ இது ஹார்டு. ஆனா அந்த 1,300 கஷ்டத்தை அளக்க மட்டும்தான், பிளேயர்ஸுக்குக் குடுக்கிறது 650தான். இதை மாத்திப் போட்டு ரெண்டே மாசத்துல பார்ட்டியை எங்கேயோ கொண்டுபோய் விட்டவங்க ஏகப்பட்ட பேர். 2024 பதிப்புல அந்தப் பெருக்கலையே தூக்கிட்டாங்க, நல்லதாப் போச்சு.

சரி, எதுக்குக் குடுக்கலாம்? நான் கேக்கச் சொல்றது ஒரே கேள்வி: தடை இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு, அதைத் தாண்ட எதையாவது பணயம் வச்சாங்களா? காதை வச்சுக் கேட்டு, மாட்டினா சாவுன்னு தெரிஞ்சு, பூனை நடை நடந்து போனாங்க. முழு 650. ஓகருக்கு லஞ்சம் குடுத்தாங்களா? முழுசு. கோப்ளின்ஸைப் பொய் சொல்லி வேற பக்கம் அனுப்பினாங்களா? முழுசு. அந்தப் பக்கமே வராம இடது பக்கம் திரும்பிப் போயிட்டாங்களா, ரூம் இருக்கிறதே தெரியாதா? பூஜ்யம். அதைத் தூக்கி அடுத்த வாரத்துக்கு வச்சுக்கோங்க. கதவைத் திறந்து, ஓகரைப் பார்த்து, அலறி அடிச்சு வந்த வழியே ஓடிட்டாங்களா? இன்னும் தாண்டலையே! அதுவும் பூஜ்யம்தான், ஆனா கடன் நிக்குது. திரும்பி வந்து எப்படித் தாண்டினாலும் குடுத்துடுங்க.

குடுக்கும்போது நாலு பேருக்கும் சமமா குடுங்க. "ரோக் (திருட்டு வேலை தெரிஞ்ச பாத்திரம்) தானே பூட்டைத் திறந்தான், அவனுக்கு மட்டும்"னு ஆரம்பிச்சா, அடுத்த வாரம் நாலு பேரும் நாலு திசையில போவாங்க.

இப்போ பலரும் கவனிக்காத ஒண்ணு. தாண்டவே முடியாதபடி ரோல் கேக்கறது! "எல்லாரும் ஸ்டெல்த் போடுங்க, ஒருத்தர் ஃபெயில் ஆனாலும் ஓகர் எழுந்திடும்." நியாயமாத்தான் தெரியும். கணக்குப் போடுங்க. ஆளுக்கு 60 சதவீதம் வாய்ப்புன்னு வைங்க. நாலு பேரும் பாஸ் ஆகிற வாய்ப்பு வெறும் 13 சதவீதம். அதாவது எட்டுல ஏழு தடவை சண்டை. அதே 2014 விதிகள்ல குரூப் செக்னு ஒண்ணு இருக்கு: குறைஞ்சது பாதிப்பேர் பாஸ் ஆனா மொத்தக் கூட்டமும் பாஸ். அதே 60 சதவீதத்தை வச்சுப் பார்த்தா வாய்ப்பு 82-க்கு எகிறுது! இரும்புக் கவசம் போட்டவன் சலங்கை கட்டின மாதிரி நடந்தாலும் பக்கத்துல இருக்கிறவன் சமாளிச்சுக் கூட்டிட்டுப் போறான்னு அர்த்தம். "எங்க பிளேயர்ஸ் எப்பவும் சண்டைதான் போடுறாங்க"ன்னு புலம்புற மாஸ்டர்ஸ், உங்க ரோல் முறையைக் கொஞ்சம் பாருங்க.

[திரையில்: தங்கக் காசு மூட்டை]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். பழைய விதிகள்ல இந்தக் கேள்வியே வராது. 1981-ல வந்த பேசிக் பதிப்புல, வெளிய கொண்டு வந்து சேர்த்த ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு எக்ஸ்பி. மான்ஸ்டருக்கோ பிச்சைக்காசு. ஓகர் 125, கோப்ளின் ஆளுக்கு 5. நம்ம ரூம் மொத்தமே 145, ஆளுக்கு 36. ஃபைட்டர்ங்கிற சண்டைக்காரப் பாத்திரம் ரெண்டாவது லெவலுக்குப் போகவே 2,000 வேணும். தீஃபுக்கு 1,200 போதும், மேஜிக் யூசருக்கு 2,500. ஓகர் கட்டிலுக்கு அடியில ஆயிரம் காசு இருக்குன்னு வைங்க. ஆளுக்கு 250! இப்போ யாராவது அந்த ஓகரை எழுப்புவானா? எழுப்புறவன்தான் முட்டாள். பதுங்கிப் போறதுக்குத் தனியா பரிசே வேண்டாம், விதியே அந்தப் பக்கம் தள்ளிவிடுது.

ஆனா இன்னொரு பக்கம் பாருங்க. அந்த விதிகள்ல பத்துக் காசு ஒரு பவுண்டு எடை. ஆயிரம் காசுன்னா நூறு பவுண்டு, கிட்டத்தட்ட 45 கிலோ. மொத்தத்தையும் ஒருத்தன் தலையில கட்டினா, 120 அடி போற ஆள் 30 அடிதான் போவான். உள்ள போகும்போது தாண்டின ஓகர் வெளிய வரும்போதும் அங்கேயேதான் இருக்கு, நீங்களோ ஆமை வேகத்துல வர்றீங்க. கதவுக்கு வெளிய காசு உருண்டா என்ன ஆகும்னு ஒவ்வொரு பிளேயரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இவ்வளவு டென்ஷனை வெறும் எடைக் கணக்கை வச்சே உண்டாக்கியிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குக் கொள்ளை ஆசை. இந்த இடத்துல மட்டும் வீடியோவை நிறுத்திட்டு ஒரு லைக் போட்டுட்டு வாங்க, தப்பில்லை.

பாத்ஃபைண்டர்னு இன்னொரு விளையாட்டோட ரெண்டாம் பதிப்புல எல்லா லெவலுக்கும் 1,000 எக்ஸ்பிதான், நடுத்தர என்கவுண்டர் 80, பேசித் தாண்டினாலும் அதே 80. கால் ஆஃப் கதுல்ஹூங்கிற திகில் விளையாட்டுல லெவலே கிடையாது. ஸ்டெல்த் ஜெயிச்சா ஸ்டெல்த்துல ஒரு டிக், பதுங்குறவனுக்குப் பதுங்கல்தான் வளரும்.

"இந்தத் தலைவலியே வேண்டாம், மைல்ஸ்டோன் போட்டுடலாம்"னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். எக்ஸ்பி எண்ணாம, கதையில குறிச்ச இடத்தைத் தொட்டா லெவல் ஏத்துற முறை அது. போடலாம். ஆனா மைல்கல் எங்க நட்டிருக்குன்னு பிளேயர்ஸுக்கு முன்னாடியே சொல்லுங்க: "கோட்டைத் தலைவனைப் பதவியிலேர்ந்து இறக்கினா லெவல் ஏறும், எப்படி இறக்கினாலும் சரி." சொல்லாம விட்டா, அவங்க கண்ணுக்கு நீங்க மூட் வந்தா லெவல் குடுக்கிற ஆள்.

எக்ஸ்பி குடுத்தாச்சு, பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. நாலு ரூமைத் தாண்டின பார்ட்டி கடைசிப் பெரிய வில்லன், அதாவது 'பாஸ்' முன்னால வந்து நிக்கும்போது முழு ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு), ஒரு ஸ்பெல் (மந்திரம்) கூட செலவாகல. 2014 புத்தகம் ஒரு பார்ட்டி ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு சண்டையைத் தாங்கும்னுதான் கணக்குப் போட்டிருக்கு. நீங்க மூணு வாரம் யோசிச்சு செதுக்கின வில்லன், வசனம் பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது ரவுண்டுல சாம்பல். எக்ஸ்பி குடுக்காம விட்டா நேர் எதிர்க் கஷ்டம். லெவல் 5-க்குன்னு எழுதின இடத்துக்கு 4-லேயே வந்து நிப்பாங்க. அந்த ஒரு லெவல்லதான் ஃபைட்டருக்கு ரெண்டாவது அடி வருது, விஸார்டுக்கு ஃபயர்பால் (நெருப்புக் குண்டு மந்திரம்) வருது, எல்லாருக்கும் ப்ரொஃபிஷியன்சி (டைஸோட கூட்டுற தேர்ச்சி எண்) 2-லேர்ந்து 3 ஆகுது. வேற எந்த லெவல்ல பின்தங்கினாலும் சமாளிக்கலாம், இங்க பின்தங்கினா அடி பலமா விழும்.

தீர்வு உங்க கையிலேயே இருக்கு: தாண்டின ஓகர் செத்துப்போகலையே! பாஸ் சண்டைச் சத்தம் கேட்டா அது எழுந்து வராதா? வரட்டும். ஆனா மொத்தமா வர விடாதீங்க, அங்கதான் பார்ட்டி கூண்டோட காலியாகும். மூணாவது ரவுண்டுல ரெண்டு கோப்ளின், அஞ்சாவது ரவுண்டுல ஓகர், மிச்ச ரெண்டு கோப்ளின் பயந்து ஓடிடட்டும். கதவை ஆப்பு வச்சு அடைச்சுட்டு வந்திருந்தா இன்னும் ரெண்டு ரவுண்டு லேட்டாக்குங்க. யோசிச்சு ஆப்பு வச்சவனுக்குப் பலன் கண்ணுல தெரியணும்.

தயவுசெஞ்சு பண்ணக்கூடாதது ஒண்ணு: இடது வலது எந்த வழியில போனாலும் அதே ஓகரைக் கொண்டுவந்து நிறுத்தறது. இதுக்குக் குவாண்டம் ஓகர்னே பேர் வச்சிருக்காங்க. வழியைப் பத்தி பிளேயர்ஸுக்கு எந்தத் துப்பும் இல்லைன்னா, நிறுத்திட்டுப் போங்க, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனா குறட்டையைக் கேட்டு, யோசிச்சு, வேற வழி எடுத்தவங்க முன்னால நிறுத்தினா அது களவாணித்தனம். அடுத்த தடவை கதவுல யாரும் காதை வைக்க மாட்டாங்க.

கடைசியா ஒரு கேஸ், கமெண்ட்ல தீர்ப்பு சொல்லுங்க. பார்ட்டி ஓகரைத் தாண்டிப் போச்சு, 650 வாங்கியாச்சு. திரும்பி வரும்போது ரோக் சொல்றான்: "இன்னும் தூங்குது, குத்திட்டுப் போனா இன்னொரு 450 கிடைக்குமா?" என் தீர்ப்பு: கிடைக்காது, அந்தத் தடைக்கு ஏற்கெனவே கூலி குடுத்தாச்சு. ஆனா ஓகரோட பாக்கெட்ல என்ன இருக்குன்னு அவனுக்கு இன்னும் தெரியாதே!