இதயத்தின் கடைமடை

[திரையில்: ஒரு எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) அறிக்கை. பெயரும் வயதும் மறைக்கப்பட்டிருக்கின்றன. "எல்.வி.இ.எஃப் – 60%" என்ற வரியைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம்.]

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, சித்தப்பா மகன் வாட்ஸப்பில் இந்தப் படத்தை அனுப்பினான். கீழே ஒரே ஒரு வரி. "அண்ணே, அப்பாவுக்கு ஹார்ட் பம்பிங் அறுபது பர்சன்ட்தான் இருக்காம். மீதி நாப்பது போயிடுச்சா?"

போகவில்லை. 60 நல்ல எண். இதில் நூற்றுக்கு நூறு வாங்கிய இதயம் உலகத்தில் யாருக்கும் கிடையாது. அப்படிச் சொல்லிவிட்டு நான் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் அவன் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருந்தது. அதற்கு வருவதற்கு முன்னால் இதயத்துக்குள் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

[திரையில்: இதயத்தின் குறுக்குவெட்டுப் படம். வலப்பக்கம் நீலம், இடப்பக்கம் சிவப்பு.]

கையை மடக்கிப் பிடித்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் இதயம். எடை சுமார் 300 கிராம். ஓர் இதயம் என்கிறோமே தவிர, இது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தத்தை வலது பம்பு வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரல் பக்கத்து வீடு. மெல்ல உந்தினால் போதும். அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வரும் ரத்தத்தை இடது பம்பு வாங்கி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ளுகிறது. வேலை பெரிது, அதனால் சுவரும் தடிமன். வலது பக்கத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பிபி பார்க்கும்போது 120 என்று சொல்கிறார்களே, அது இந்த இடது பம்பின் தள்ளுவிசை. வலது பக்கத்தில் அது 25-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

அறைகளுக்கு வாசலில் வால்வுகள் இருக்கின்றன. ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும் கதவுகள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் லப்-டப் இந்தக் கதவுகள் சாத்தும் சத்தம். சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வரும் ருமாட்டிக் காய்ச்சல் இந்தக் கதவுகளைத் தடிக்கவைத்து ஒட்டவைத்துவிடும். அது தனிக் கதை, இன்னொரு வீடியோவுக்கு.

சரி, அந்த 60 எப்படி வருகிறது? எல்.வி.இ.எஃப் என்பது, இடது பம்பு தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. இடது கீழறை, அதாவது இடது பம்பின் தள்ளும் அறை, தளர்ந்து நிரம்பும்போது அதில் சுமார் 120 மில்லி ரத்தம் இருக்கும். சுருங்கும்போது 70 மில்லியை வெளியே தள்ளும். மீதி 50 மில்லி உள்ளேயே தங்கும். 120-ல் 70, கிட்டத்தட்ட 58 சதவீதம். ஆரோக்கியமான எல்லோருடைய இதயமும் 55 முதல் 70 வரை, இந்த எல்லைக்குள்தான் வேலை செய்கிறது. 40-க்குக் கீழே போனால்தான் பம்பு நிஜமாகவே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நடந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அறிக்கை அச்சடிக்கும் இடத்தில் '60%' பக்கத்தில் 'இது இயல்பு' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் பல வீடுகளில் அன்று ராத்திரி தூங்குவார்கள்.

[திரையில்: ஒரு குடம், பக்கத்தில் ஓடும் எண்கள்.]

ஒரு துடிப்புக்கு 70 மில்லி. நிமிடத்துக்கு 70 துடிப்பு. பெருக்கினால் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட 5 லிட்டர்தான். அப்படியென்றால் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் ரத்தம் முழுவதும் இதயத்தைக் கடந்து போகிறது.

இப்படி ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுத்தான் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628-ல் பழைய நம்பிக்கையைக் கவிழ்த்தார். சாப்பாட்டிலிருந்து ஈரல் ரத்தத்தைத் தயாரிக்கிறது, உறுப்புகள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பினார்கள். ஹார்வி கேட்டது எளிய கேள்வி. இதயம் அரை மணி நேரத்தில் வெளியே தள்ளும் ரத்தம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தைவிட அதிகம். இவ்வளவையும் எந்தச் சாப்பாட்டிலிருந்து தயாரிக்க முடியும்? ஆக, அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் தமனியிலிருந்து, திரும்பக் கொண்டுவரும் சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-ல், இத்தாலியின் மால்பிகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்து அந்த முடியிழைக் குழாய்களைக் கண்டுபிடித்தார்.

[திரையில்: இதயத்தின் வெளிப்புறம். மேற்பரப்பில் கொடி போலப் படர்ந்த ரத்தக்குழாய்கள்.]

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நாள் முழுக்க ஏழாயிரம் லிட்டர் ரத்தத்தைக் கையாளும் இந்தத் தசை, தன் பசிக்கு அந்த ரத்தத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்பக்கம் தாள் போல ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்துக்கு மட்டும் கொஞ்சம் ஊறிக் கிடைக்கும். மீதிச் சுவர் முழுவதற்கும், ரத்தம் வெளியே போய், வேறு வழியாகத் திரும்பி வர வேண்டும்.

இடது பம்பிலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் தொடக்கத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சின்னக் கிளைகள் பிரிகின்றன. கரோனரி தமனிகள். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம். இவை இதயத்தின் மேல்புறமாகப் படர்ந்து, அங்கிருந்து கிளைகளை உள்நோக்கி இறக்குகின்றன.

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் கடைமடை. தலைமடை வயலுக்கு முதலில் தண்ணீர், கடைமடைக்கு மிஞ்சியது. இதயச் சுவரில் தலைமடை வெளிப்புறத் தசை. கடைமடை உள்புறத் தசை. அதாவது, ரத்தம் நிரம்பிய அறையை ஒட்டி நிற்கிற தசைதான் ரத்தம் கடைசியாக வந்து சேரும் இடம். ஆற்றங்கரையிலேயே வயல் இருந்தும் தண்ணீர் ஊரைச் சுற்றி வந்து சேர்வது மாதிரி.

போதாததற்கு, இந்த வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வேறு. உடம்பின் மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. இடது கீழறையின் தசைக்கு மட்டும் தலைகீழ். சுருங்கும்போது அது தன் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது; உள்புறத்தில் நெரிசல் இன்னும் அதிகம். தளரும் நேரத்தில்தான் அதற்கு ரத்தம் கிடைக்கும். நிதானமாகத் துடிக்கும்போது தளர்வுக்குப் போதுமான நேரம் இருக்கிறது. மாடி ஏறும்போது துடிப்பு கூடும். கூடினால் முதலில் குறைவது அந்தத் தளர்வு நேரம்தான். தேவை ஏறுகிற அதே நேரத்தில் மடை திறந்திருக்கும் நேரம் குறைகிறது.

சரி, கிடைக்கிற ரத்தத்திலிருந்து கூடுதலாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளலாமே? மற்ற உறுப்புகள் அப்படிச் செய்யும். உடம்பு மொத்தமாகப் பார்த்தால், ஓய்வில் ரத்தத்தின் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. இதயத் தசையோ ஓய்விலேயே முக்கால் பங்கு வரை உறிஞ்சிவிடுகிறது. கையிருப்பு என்று ஒன்றும் இல்லை. ஒரே வழி, குழாய் விரிந்து அதிக ரத்தம் வர வேண்டும். ஆரோக்கியமான குழாய் ஓய்வில் வருவதைப் போல நான்கைந்து மடங்கு கொண்டுவரும்.

[திரையில்: ஒரு தமனியின் உள்சுவர், பெரிதாக்கப்பட்டு.]

அந்தக் குழாய் விரிய முடியாமல் போவதுதான் நாம் 'அடைப்பு' என்று சொல்வது. பெரும்பாலானோர் இதை வாஷ் பேசின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்குப் படிவதைப் போல நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொழுப்பு படிவது குழாயின் துவாரத்தில் அல்ல, சுவருக்குள்ளே. 'கெட்ட கொழுப்பு' என்கிறார்களே, அந்த எல்டிஎல் துகள்கள் உள்சுவரின் தோலைத் தாண்டி உள்ளே புகுகின்றன. சிகரெட், சர்க்கரை, உயர் பிபி எல்லாம் அந்தத் தோலைக் காயப்படுத்தி வழி விடுகின்றன. துப்புரவு செய்ய வரும் வெள்ளணுக்கள் அந்தக் கொழுப்பை விழுங்கி, வீங்கி, அங்கேயே செத்துக் கிடக்கின்றன. அதற்கு மேல் உடம்பு நார் போர்த்தி ஒரு மூடி போடுகிறது. சீழ் பிடித்த கட்டி மேல் தோல் மூடியிருப்பதைப் போல. இதெல்லாம் இருபது, முப்பது வருட வேலை. வலிக்காது.

இதிலிருந்து இரண்டு விதமான தொல்லை வரும்.

முதலாவது மெதுவானது. கட்டி வளர்ந்து துவாரத்தை நெருக்குகிறது. பாதிக்கு மேல் அடைத்தாலும் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. முக்கால் பங்கை நெருங்கும்போது, மாடி ஏறினால், சாப்பிட்டவுடன் வேகமாக நடந்தால், நெஞ்சு நடுவில் ஓர் அழுத்தம். நின்றால் சில நிமிடங்களில் போய்விடும். கடைமடை காய்கிறது, ஆனால் பயிர் இன்னும் சாகவில்லை.

இரண்டாவது திடீரென்று வருவது. மூடி கிழிகிறது. உள்ளே இருக்கும் சேறு ரத்தத்தைத் தொட்டதும், காயம் என்று நினைத்து ரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் முழுக்க அடைந்துவிடும். இதுதான் மாரடைப்பு. கிழிகிற மூடி பெரிய கட்டியின் மேல்தான் இருக்க வேண்டும் என்றில்லை. துவாரத்தைப் பாதிகூட மறைக்காத, மூடி மெலிந்த சின்னக் கட்டியும் கிழியலாம். "போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சு, எப்படிங்க?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். டிரெட்மில் நெருக்கலைக் கண்டுபிடிக்கும். மெலிந்த மூடியைக் கண்டுபிடிக்காது.

[திரையில்: இதயச் சுவரின் ஒரு துண்டு. உள்ளிருந்து வெளியே கருமை பரவுகிறது. மூலையில் கடிகாரம்.]

குழாய் அடைத்த பிறகு சுமார் அரை மணி நேரத்தில் தசை சாகத் தொடங்குகிறது. எங்கிருந்து? கடைமடையிலிருந்து. உள்புறம் முதலில், பிறகு அலை போல வெளிப்புறம் நோக்கி. சுவரின் தடிமன் ஒரு சென்டிமீட்டர்தான். அதை முழுதாகக் கடக்க அந்த அலைக்குச் சில மணி நேரம் ஆகும். சுமார் 6 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். மருத்துவமனையில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது இதனால்தான். செத்த தசை மறுபடி முளைக்காது. அந்த இடத்தில் தழும்புதான் வரும். தழும்பு சுருங்காது. அப்போதுதான் அந்த 60 என்ற எண் 45, 35 என்று இறங்கும்.

பட்டினியில் கிடக்கும் தசை இன்னொரு ஆபத்தையும் செய்யும். இதயத்தின் மின்னோட்டத்தைக் குழப்பிவிடும். கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிவார். இது இதயத் துடிப்பு நிற்பது. மாரடைப்பு வேறு, இது வேறு. சரிந்தவருக்கு மூச்சு இல்லையென்றால், 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தெளிப்பது, வாயில் சோடா ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

தெற்காசியர்களுக்கு இது சீக்கிரமாகவே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் வயது நம் பகுதியில் மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக இருந்தது. அதோடு நம்மிடம் சர்க்கரை நோயும் அதிகம். பல வருடச் சர்க்கரை நரம்புகளை மழுங்கடித்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பில் வலியே இல்லாமல் வெறும் வியர்வை, குமட்டல், அசதி மட்டும் இருக்கலாம். பெண்களுக்கும் தாடை, முதுகு, மேல் வயிறு என்று இடம் மாறி வரலாம். நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பெயர், வாயு. பூண்டு, பெருங்காயம், கலர் சோடா. அதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

குழாயை உள்ளிருந்தே திறக்கலாம் என்ற துணிச்சல் ஒரே நாளில் வந்ததில்லை. 1929-ல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தன் முழங்கை சிரை வழியாக ஒரு குழாயைத் தன் இதயத்துக்கே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படம் எடுத்தார். கிடைத்தது திட்டு, நோபல் பரிசு 1956-ல்தான் வந்தது. 1977-ல் சூரிச்சில் குருண்ட்சிக், தன் வீட்டுச் சமையலறை மேசையில் செய்து பார்த்த பலூன்களின் வழிவந்த ஒன்றைக் கொண்டு அடைத்த குழாயை உள்ளிருந்து விரிக்கும் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். இன்று குழாய் மூடாமல் தாங்க உள்ளே வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் அந்தப் பலூனின் பேரப்பிள்ளை. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. உறைவு மேலும் வளராமல் தடுக்கும் ஏற்பாடு. வழியில் கழியும் நேரம் முழுக்க வீணாகாது.

[திரையில்: மறுபடியும் அதே எக்கோ அறிக்கை.]

இப்போது சித்தப்பாவின் அறிக்கை. 60-க்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது பாருங்கள். 'ஆர்.டபிள்யூ.எம்.ஏ – இல்லை.' சுவரின் எந்தப் பகுதியும் அசையாமல் நிற்கவில்லை என்று பொருள். தழும்பு இல்லை. அதுவும் நல்ல செய்திதான். ஆனால் எக்கோ எடுத்தது மெத்தையில் படுத்த நிலையில். ஓய்வில் இருக்கும் இதயத்தை. ஓய்வில் கடைமடைக்கும் தண்ணீர் வந்துவிடும் என்று பார்த்தோமே.

அதனால் அவனிடம் கேட்டேன். "அறுபதை விடுடா. எதுக்கு எக்கோ எடுத்தீங்க?"

"மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்குன்னாருண்ணே. நின்னா சரியாயிடுதாம். வாயுன்னு சொன்னாரு. கம்பெனி செக்கப்புல எக்கோ ஃப்ரீன்னதும் எடுத்துட்டோம்."

"மாடி விஷயத்தை அங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. "இல்லண்ணே."

மறுநாள் காலையில் சித்தப்பா இதய மருத்துவரிடம் போனார். இரண்டு நாள் கழித்து ஆஞ்சியோ. முன்பக்கம் இறங்கும் குழாயில் 80 சதவீத அடைப்பு.