கதிரை இருக்கு, பாஸ்வேர்ட் இல்லை: கல்விசாரா ஊழியரின்ர முதல் கிழமை

வணக்கம் உறவுகளே! ஒரு தம்பிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில முகாமைத்துவ உதவியாளர் வேலை கிடைச்சு ஊர் முழுக்கக் கதை. மூண்டாம் நாளே ஆளுக்கு முகம் வாடிப்போச்சு. சம்பளப் பிரச்சினையே? இல்லை. "தம்பி, இந்தப் பழைய கோவையளை வாசியுங்கோ" எண்டு ஃபைல் கட்டுகளுக்கு முன்னால இருத்திவிட்டதுதான்!

(திரையில்: யாழ்ப்பாணம், திருநெல்வேலி வளாக வாசல்)

1974இல வளாகம், 1979இல தனிப் பல்கலைக்கழகம். வரலாறு போதும், விஷயத்துக்கு வருவம்.

1959இல ஹேர்ஸ்பேர்க் எண்ட அமெரிக்க உளவியலாளர் சொன்னது: சம்பளம், விதிகள், வேலையிட வசதி பிழைச்சா வெறுப்பு வரும். அதுகளைத் திருத்தினா வெறுப்பு போகும், அவ்வளவுதான். சந்தோசம் வாறது ஒரு வேலையை முடிச்ச திருப்தியிலயும் அதுக்குக் கிடைக்கிற மதிப்பிலயும். வேலை செய்யிற ஆக்களிட்டையே கதை கேட்ட அவரின்ர ஆய்வுமுறையில குறை சொன்ன ஆக்களும் இருக்கினம். நல்லது நடந்தா 'நான்', கெட்டது நடந்தா 'மேலதிகாரி' எண்டுதானே எல்லாரும் சொல்லுவினம்!

அப்ப கதிரை, கணினி, பாஸ்வேர்ட் எல்லாம் வெறும் பூச்சியக் கோடு. முதல் கிழமையிலேயே ஒரு சின்ன வேலையைப் புது ஆள் தானே முழுசா முடிக்கவேணும்.

(திரையில்: திறந்த கோவை)

ஒரு மாணவர், தான் இங்க படிக்கிறதை உறுதிப்படுத்திக் கடிதம் கேக்கிறார் எண்டு வையுங்கோ. திகதி முத்திரை குத்தி, உள்வரும் கடிதப் பதிவேட்டில பதியவேணும். சரியான கோவையை எடுத்து, தாள் இலக்கம் போட்டுக் கோக்கவேணும். குறிப்புத் தாளில ரெண்டே வரி: என்ன கேக்கிறார், எங்கட பதிவில என்ன இருக்கு. பிறகு பதில் வரைவு, உதவிப் பதிவாளரின்ர ஒப்பம், கடைசியா வெளிச்செல்லும் பதிவேடு.

எங்க பிழைக்கும்? குறிப்பில தாள் இலக்கத்தைச் சொல்லாம விடேக்க! மேலதிகாரி முழுக் கோவையையும் புரட்டவேணும். அவர் புரட்டமாட்டார். 'கதைக்கவும்' எண்டு ஒற்றைச் சொல்லோட கோவை திரும்பி வரும். புது ஆளுக்கு அது திட்டு வாங்கின மாதிரி இருக்கும். அதால பக்கத்து மேசை அக்காவோ அண்ணையோ முதல் நாலைஞ்சு குறிப்பையும் அனுப்ப முதல் ஒருக்காப் பாக்கவேணும். என்னைக் கேட்டா, வரவேற்புக் கூட்டத்தைவிட இந்தப் பத்து நிமிசம் பெரிசு.

சம்பளம் ஒரு வரியில: கடமையேற்ற கடிதமும் வங்கிக் கணக்கு விபரமும் நிதிக் கிளைக்குப் பிந்திப் போனா, முதல் சம்பளமும் பிந்தும். கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பீடங்களில சேருற ஆக்கள், கடிதம் திருநெல்வேலிக்குப் போய்ச் சேந்திட்டுதோ எண்டு ஃபோன் எடுத்துக் கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

எழுத்தில கடமைப் பட்டியலும் கேட்டு வாங்குங்கோ. வாயால சொன்ன வேலைக்குத் தகுதிகாண் காலம் முடியேக்க சாட்சி இல்லை.

உங்கட கிளையில புது ஆளுக்கு முதல் குடுக்கிற வேலை என்ன? கீழ எழுதுங்கோ. அடுத்த வீடியோ லீவு விண்ணப்பம், சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கோ!