அடிக்கோல் விழும் நேரம்

வணக்கம் நேயர்களே. இன்று நம் நரம்புகளின் வேகத்தைப் பற்றிப் பேசுவோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் ரொட்டி சானாய் கல்லில் விரல் பட்டுவிட்டது என்று வையுங்கள். கை வெடுக்கென்று பின்வாங்கும். 'ஆ' என்பது அப்புறம்தான். இழுக்கச் சொன்னது மூளை அல்ல, முதுகுத் தண்டு. பிறகு சுரீர் என்று ஒரு வலி. அதற்கும் பின்னால், ஆற அமர, எரிச்சல். சுரீர் வலியைச் சுமக்கும் நரம்பிழைக்கு மெல்லிய கொழுப்புறை உண்டு. வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் போகும். எரிச்சலைச் சுமக்கும் இழைக்கு உறையே கிடையாது. வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர், நம் நடை வேகம்தான்.

நரம்பைக் கரண்ட் கம்பி என்று நினைக்காதீர்கள். ஓரிடத்தில் சோடியம் நரம்பிழைக்குள் பாய்கிறது, அது பக்கத்து இடத்தை உசுப்புகிறது, அது அடுத்ததை. உறை இருந்தால் இந்த வேலை இடைவெளிகளில் மட்டும் நடந்து, தாவித் தாவிப் போகும். இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்றிருந்த காலத்தில், 1850-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் கால் நரம்பில் அளந்து காட்டினார்.

கண்ணால் பார்த்ததற்குக் கை எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்று நாமும் அளக்கலாம், 30 சென்டிமீட்டர் அடிக்கோல் போதும். ஒருவர் மேல்நுனியைப் பிடிக்கட்டும். நீங்கள் பூஜ்யத்துக்கு நேரே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வையுங்கள். கோலில் விரல் படக்கூடாது. பட்டால் தொடு உணர்வு காட்டிக்கொடுத்துவிடும். சொல்லாமல் விடச் சொல்லுங்கள். கோல் விழுந்த தூரமே உங்கள் நேரத்தைச் சொல்லும்: 15 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.175 வினாடி, 20 என்றால் 0.2, 25 என்றால் 0.226. முதல் இரண்டு முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கை பழகுவதற்கு. பிறகு பத்து முறை பிடித்துச் சராசரி எடுங்கள்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு 'விட்டேன்' என்ற குரலுக்குப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் சீக்கிரமே பிடிப்பீர்கள். கண்ணின் திரையில் ஒளி வேதிவினையாகி நரம்புச் சைகையாக மாற நேரம் பிடிக்கிறது. காதுக்கு அந்தத் தாமதம் குறைவு. ஆனால் கோலை விடுபவரின் குரல் முந்தி, அவர் கை பிந்தினால் அந்த முறை செல்லாது.

இப்போது கணக்குக்கு வருவோம். மூளையிலிருந்து விரலுக்கு ஒரு மீட்டர். தசையை இயக்கும் இழை வினாடிக்கு 50, 60 மீட்டர் போகும். ஆக, பயணம் 0.02 வினாடிதான், அடிக்கோல் காட்டிய 0.2 வினாடியில் பத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் கண்ணிலும், மூளை முடிவெடுப்பதிலும், தசை இறுகுவதிலும். அதனால்தான் 'நரம்புக்குச் சுறுசுறுப்பு' என்று விற்கும் டானிக்கில் எனக்கு நம்பிக்கையில்லை.

கோலாலம்பூரின் கூட்டரசு நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். அங்கே அடிக்கோல் கணக்கு உதவாது. எதிர்பாராமல் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தால், பிரேக்கில் கால் படவே ஒரு வினாடிக்கு மேல் ஆகலாம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் கூடும்.

நேரமாகிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களுக்கு ஒன்று மட்டும்: நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும், அதனால் பாதம் முதலில் மரத்துப்போகும். தினமும் பாதத்தைப் பாருங்கள். சுடுநீரைக் காலால் சோதிக்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். வணக்கம்.