சுற்றுலாவில் டிப்ஸ்: பணம் யார் கைக்குப் போகிறது?

வணக்கம் நண்பர்களே. விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி, "டிப்ஸ் எவ்வளவு கொடுக்கணும்?" என்பதுதான். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் எவ்வளவு என்பதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. கொடுக்கிற பணம் யார் கைக்குப் போகிறது?

யோசித்துப் பாருங்கள். மேஜைக்கு வந்து சிரித்த முகத்தோடு பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் கொடுத்துவிடுகிறோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வரைக்கும் வருகிறவருக்கும் கொடுத்துவிடுகிறோம். எதிரிலேயே நிற்கிறார், கொடுக்காமல் இருக்க மனசு வராது. ஆனால் நாம் வெளியே ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போது அறைக்குள் வந்து, ஈரத் துண்டுகளைப் பொறுக்கி, குளியலறையைத் தேய்த்துக் கழுவி, கனமான மெத்தையைத் தூக்கித் தூக்கி விரிப்பைச் செருகிவிட்டுப் போகிறாரே ஒருவர், அவர் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. பார்க்காததாலேயே மறந்தும்போகிறோம். ஒரு ஹோட்டலில் இடுப்பையும் தோளையும் முறிக்கிற வேலைகளில் அதுவும் ஒன்று. அதனால் நான் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் விஷயம், தினமும் வையுங்கள். கடைசி நாள் மொத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஹோட்டலில் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நான்கு நாளும் உங்கள் அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஐந்தாவது நாள் வார விடுமுறையாக இருந்தால், நீங்கள் வைத்த மொத்தப் பணமும் அன்றைக்கு வந்தவருக்குப் போய்விடும். அவர் மேல் தப்பில்லை, ஆனால் உழைத்தவர் அவர் இல்லை.

இரண்டாவது, சும்மா பணத்தை மட்டும் வைக்காதீர்கள். மேஜை மேல் கிடக்கிற நோட்டு தனக்கென்று வைத்ததா, விருந்தினர் மறந்துவிட்டுப் போனதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எடுத்தால் திருட்டுப் பழி வந்துவிடுமோ என்று தொடாமலேயே போய்விடுவார்கள். இதோ பாருங்கள், என் பையில் எப்போதும் சின்னக் கவர்கள் வைத்திருப்பேன். மேலே "அறையைச் சுத்தம் செய்பவருக்கு, நன்றி" என்று அந்த ஊர் மொழியில் எழுதிவிடுவேன். மொழி தெரியாவிட்டால் போனில் மொழிபெயர்த்துப் பார்த்து எழுதலாம். தலையணை மேல் வைத்துவிட்டால் சந்தேகமே வராது.

அமெரிக்க ஹோட்டல் சங்கத்தின் வழிகாட்டியில், ஓர் இரவுக்கு 1 முதல் 5 டாலர் வரை என்று இருக்கிறது. ஒரே ஆள், படுக்கை மட்டும்தான் கலைந்திருக்கிறது என்றால் ஒரு கணக்கு. குழந்தைகளோடு போய், கடற்கரை மணலை அறை முழுக்கக் கொட்டி வைத்திருந்தால் வேறு கணக்கு. அது நமக்கே தெரியும். அப்புறம், "தொந்தரவு செய்ய வேண்டாம்" அட்டையை நாள்கணக்காகக் கதவில் மாட்டியிருந்தீர்களா? அப்போது வேலை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து கடைசி நாளில் ஒருவர் தலையில்தான் விழும்.

2014-ல் மாரியட் நிறுவனம் அமெரிக்கா, கனடா ஹோட்டல் அறைகளில் டிப்ஸ் கவர்களை வைக்க ஆரம்பித்தது. "சம்பளத்தை உயர்த்துவதை விட்டுவிட்டு விருந்தினரிடம் கவரை நீட்டுகிறார்களே" என்று அப்போது விமர்சனம் எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான். சம்பளம் முதலாளியின் பொறுப்பு. ஆனால் அதைக் காரணம் காட்டி நாம் வெறுங்கையோடு அறையைக் காலி செய்தால், நஷ்டம் முதலாளிக்கு இல்லை, காலையில் வந்து விரிப்பை மாற்றியவருக்குத்தான்.

சரி, இப்போது பில்லுக்கு வருவோம். இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் டிப்ஸ் கொடுத்தாகிவிட்டது என்று எழுந்துவிடுவோம். பல இடங்களில் அது டிப்ஸே இல்லை. அமெரிக்க வருமான வரித் துறை இதைத் தெளிவாகச் சொல்கிறது: வாடிக்கையாளர் விருப்பப்பட்டு, தொகையைத் தானே முடிவு செய்து கொடுப்பதுதான் டிப்ஸ். பெரிய குழுவாகப் போனால் உணவகம் தானாகவே 18 சதவீதம் சேர்க்கிறதே, அது சர்வீஸ் சார்ஜ், அதாவது உணவகத்தின் வருமானம். ஊழியருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம், முழுதாகக் கொடுக்காமலும் போகலாம். நீச்சல் குளம், வைஃபை போன்ற வசதிகளுக்கென்று அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் ஃபீ என்று ஒன்று போடுகிறார்களே, அது முழுக்க ஹோட்டலுக்கு. அதற்கும் டிப்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். "இந்த சர்வீஸ் சார்ஜ் உங்களுக்கு வருகிறதா?" பரிமாறியவரிடமே தாழ்ந்த குரலில், மேனேஜர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். வருகிறது என்றால் அதற்கு மேல் கட்டாயம் இல்லை. வரவில்லை என்றால் ஒரு நோட்டை அவர் கையில் கொடுங்கள். எனக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். இதைக் கேட்காமல் கொடுக்கிற 20 சதவீதத்தை விட, கேட்டுவிட்டுக் கொடுக்கிற 10 சதவீதம் மேல்.

பிரிட்டனில் இதற்கென்று சட்டமே வந்துவிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும், டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுதாக ஊழியர்களுக்கே போக வேண்டும். வரிப் பிடித்தம் தவிர வேறு எதையும் முதலாளி கழிக்கக் கூடாது. அடுத்த மாத முடிவுக்குள் கொடுத்துவிடவும் வேண்டும். ஆகவே லண்டனில் பில்லில் 12.5 சதவீதம் சேர்த்திருந்தால், அதற்கு மேல் இன்னொரு தடவை கொடுக்க வேண்டியதில்லை. பிரான்சில் விலைப்பட்டியலில் இருக்கிற விலையிலேயே சர்வீஸும் அடக்கம். சேவை பிடித்திருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்பீர்கள். அங்கே டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு, கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அந்த எண் நகரவே இல்லை. மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். இடையில் இருக்கிற பள்ளத்தை நம் டிப்ஸ்தான் நிரப்புகிறது. டிப்ஸ் போதாவிட்டால் மீதியை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அதைக் கேட்டு வாங்குவது எல்லா ஊழியருக்கும் முடிகிற காரியம் இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா போன்ற சில மாநிலங்களில் டிப்ஸைக் கணக்கில் எடுக்காமல் முழுக் கூலியும் கொடுக்க வேண்டும். ஆனால் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பயணி மாநிலச் சட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. 15 முதல் 20 சதவீதம் என்று மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அதுவும் சாப்பாட்டு விலையின் ஒரு பகுதிதான் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால், கவுன்டரில் வாங்கிச் சாப்பிடுகிற இடத்துக்குப் போங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, ஜார்ஜ் புல்மன் என்பவரின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில், அடிமைத்தளையில் இருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களைப் போர்ட்டர்களாக வேலைக்கு எடுத்தார்கள். சம்பளம் மிகக் குறைவு, வயிறு நிறைவது பயணிகளின் டிப்ஸால்தான். அந்தப் பயணிகள் அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? எல்லாரையும் "ஜார்ஜ்" என்று, முதலாளியின் பெயரால். சொந்தப் பெயரே கிடையாது. 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருடம் போராடி, 1937-ல் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டதில் இருந்து, பணம் கொடுப்பதற்கு முன்னால் பெயரைக் கேட்பதை நான் விடுவதில்லை. சட்டையில் பெயர்ப் பட்டை இருக்கும், ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

டிப்ஸ் கொடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. ஜப்பானில் மேஜையில் பணத்தை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். வணங்கி நன்றி சொன்னால் போதும். பாரம்பரிய விடுதிகளில் மட்டும், அறையைக் கவனித்துக்கொள்கிற அம்மாவுக்குச் சிலர் தங்க வந்ததுமே கொஞ்சம் பணம் கொடுப்பதுண்டு. அதுவும் கவரில் போட்டுத்தான். வெறும் நோட்டை நீட்டுவது அங்கே மரியாதை இல்லை.

அடுத்தது மலையேற்றம். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் அதிகமாக வழி தவறுகிறது. கிளிமஞ்சாரோ போன்ற மலைக்குப் போகிறீர்கள். கூடாரம், சமையல் சாமான், உங்கள் பை எல்லாவற்றையும் போர்ட்டர்கள் சுமக்கிறார்கள். கடைசி நாள் குழுவாகச் சேர்ந்து ஒரு பெரிய தொகையைத் தலைமைக் கைடு கையில் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார் என்று நம்பி இறங்கிவிடுகிறோம். பல நேரம் நேர்மையாகப் பிரிக்கிறார்கள். சில நேரம் போர்ட்டருக்கு வந்து சேருவது மிகச் சொற்பம். கிளிமஞ்சாரோவில் போர்ட்டர்களுக்கு உதவுகிற கே-பேப் (KPAP) என்ற அமைப்பு, போர்ட்டரின் தொகையை அவரவர் கையிலேயே நேரடியாகக் கொடுக்கச் சொல்கிறது. அல்லது எல்லாரும் கூடியிருக்கும்போது, கைடுக்கு இவ்வளவு, சமையல்காரருக்கு இவ்வளவு, ஒவ்வொரு போர்ட்டருக்கும் இவ்வளவு என்று சத்தமாகப் படித்துவிடுங்கள். இதில் கைடை அவமதிப்பது ஒன்றும் இல்லை. நேர்மையான கைடு இதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்வார்.

"இலவச" நடைச் சுற்றுலா என்று பல நகரங்களில் நடத்துகிறார்களே, அதிலும் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பேசுகிற கைடுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சில நிறுவனங்களில், கூட்டத்தில் வந்த ஒவ்வொரு தலைக்கும் கைடு தன் கையில் இருந்து நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டும். நீங்கள் பாதியில் நைசாக நழுவினால் அவருக்குக் கைநஷ்டம். பிடிக்கவில்லை என்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு விலகிவிடலாம்.

கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய க்ரூஸ் நிறுவனங்கள் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று டிப்ஸைத் தானாகவே கணக்கில் ஏற்றிவிடும். வரவேற்பு மேஜையில் போய்ச் சொன்னால் பலவற்றில் அதை நீக்கிவிடலாம், காசு மிச்சம் என்று யோசனை சொல்கிற வீடியோக்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் சலவை அறையிலும் சமையல் கூடத்திலும் நின்று வேலை செய்கிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கடலில் இருப்பவர்கள் அவர்கள்.

கையில் என்ன வைத்திருக்க வேண்டும்? அந்த நாட்டுப் பணம், சின்ன நோட்டுகளாக. நம் ஊர் நாணயத்தை நினைவுப் பரிசு மாதிரி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு நாணயங்களைப் பணம் மாற்றும் கடைகள் பெரும்பாலும் வாங்குவதில்லை, அது அவருக்கு உதவவே உதவாது. டாலர் நோட்டாகக் கொடுத்தாலும் கிழிசல், கிறுக்கல் இல்லாததாகக் கொடுங்கள். பல நாடுகளில் அழுக்கு நோட்டை மாற்றித் தர மறுப்பார்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரு பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றித் தனிப் பையில் போட்டுவிடுங்கள். அது கைவசம் இல்லாமல்தான் பாதி பேர் "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். கார்டு மெஷினில் வருகிற சதவீதப் பட்டன்கள் வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கலாம். அவசரப்படாமல் பாருங்கள், வேண்டிய தொகையை நீங்களே தட்டலாம்.

சேவை சரியில்லை என்றால்? சாப்பாடு தாமதமானதற்குப் பரிமாறியவர் காரணமாக இல்லாமல் இருக்கலாம். சமையல் கூடத்தில் ஆள் குறைவாக இருந்திருக்கும். டிப்ஸை வெட்டிவிட்டால் என்ன குறை என்றே யாருக்கும் தெரியாது. மேனேஜரை அழைத்துப் பேசுங்கள், அதுதான் பலன் தரும். அதே போல நன்றாகக் கவனித்திருந்தால், அவர் பெயரைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். பணம் கொடுக்க முடியாத நாடுகளில் இது இன்னும் முக்கியம்.

அடுத்த வீடியோவில், பயணச் செலவுப் பட்டியலில் டிப்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று, நாள்வாரியாகக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். கிளம்புவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.