குடல் அழற்சியும் இரண்டு குளிசைகளும்

வணக்கம் நேயர்களே. மருந்துக் கவுன்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்த ஆள் நான். மருந்துகளைப் பற்றிப் பேசச் சொன்னால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள். சரி, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

குரோன்ஸ் நோய், பெருங்குடல் புண் அழற்சி. இரண்டும் நாட்பட்ட குடல் அழற்சி வருத்தங்கள். இந்த வருத்தங்கள் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், இது சாதாரண வயிற்றோட்டம் போல மூன்று நாளில் போகிற சங்கதி அல்ல என்று உங்களுக்குத் தெரியும். அடங்கும், திரும்பக் கிளம்பும். கிளினிக் கொப்பி தடித்துக்கொண்டே போகும். இந்த வருத்தக்காரர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "தம்பி, மெட்ரோனிடசோலும் சிப்ரோவும் எழுதியிருக்கு. இதிலை எது பக்கவிளைவு குறைஞ்சது?"

சிப்ரோ என்றால் சிப்ரோஃப்ளொக்சசின்; இரண்டுமே கிருமியைக் கொல்லும் அன்டிபயோட்டிக் குளிசைகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மெட்ரோனிடசோல் என்றால் எத்தனை நாள் என்று பாருங்கள். சிப்ரோ என்றால் கூட வேறு என்ன மருந்து போகிறது என்று பாருங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. இந்த வருத்தத்துக்கு அன்டிபயோட்டிக் தினசரி மருந்து அல்ல. குரோன்ஸில் சீழ் கட்டினால், மலவாய்ப் பக்கம் பவுத்திரம் வந்தால் கொடுப்பார்கள். பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலில் பை செய்தவர்களுக்கு அந்தப் பை அழன்றாலும் கொடுப்பார்கள். பெருங்குடல் புண் அழற்சிக்கு வழக்கமாகத் தேவைப்படுவதில்லை.

மெட்ரோனிடசோலை ஃப்ளாஜில் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1962 இல் இங்கிலாந்தில் ஒரு பெண் வேறொரு தொற்றுக்காக இதை எடுக்க, அவருடைய முரசுப் புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டது. காற்றுப் படாத இடத்தில் வாழும் கிருமிகளையும் இது கொல்லும் என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நம் குடலில் கூடுதலாக இருப்பது அந்தச் சாதிதான். வாயில் இரும்புக் கைப்பு, ஓங்காளம், சிறுநீர் கறுத்துப் போவது எல்லாம் இதனால் வரும், மருந்தோடு போய்விடும். பனங்கள்ளுக் காலத்தில் தவறணைப் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: குளிசை எடுக்கும் நாட்களிலும், முடிந்து மூன்று நாள் வரையும் வேண்டாம். முகம் சிவந்து, சத்தி எடுத்து, நெஞ்சு படபடக்கலாம்.

நான் பயப்படுவது இவற்றுக்கல்ல, காலுக்குத்தான். ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் வருவார், குரோன்ஸ் வருத்தக்காரர். ஒருநாள் ஒற்றைக் காலில் செருப்போடு வந்து நிற்கிறார். மற்றச் செருப்பு வாசலில் கிடக்கிறது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை! "மாஸ்டர், கால் விறைக்கிறதா?" என்றேன். "அது சீனி வருத்தமாக்கும், வயசாச்சு" என்றார். கொப்பியைப் புரட்டினால் சீனி சரியாகவே இருக்கிறது. அப்புறம் பையிலிருந்து ஒரு பழைய குளிசை மட்டையை எடுத்தார், ஃப்ளாஜில். டொக்டர் எழுதியது கொஞ்ச நாளுக்குத்தான். குணமாக இருந்ததால் மாஸ்டர் அந்த மட்டையைக் கடைகடையாகக் காட்டி மாதக்கணக்காக வாங்கிப் போட்டிருக்கிறார். மட்டையைக் கண்டதும் எடுத்துக் கொடுக்கிற கடைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைய நேரம் போதாது. அன்றே அவரை டொக்டரிடம் அனுப்பினேன். நிறுத்திய பிறகு விறைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது, ஆனால் விரல் நுனிகளில் கொஞ்சம் நின்றுவிட்டது. நான்கு வாரத்தைத் தாண்டும்போது இந்த நரம்புப் பாதிப்புக்கு இடம் கூடுகிறது. அதனால்தான் நாள் கணக்கு என்கிறேன்.

இனி சிப்ரோ. இதற்கு, கூடப் போகிற மருந்தைப் பார்க்க வேண்டும் என்றேன். குடல் அழற்சிக்காரர் பலர் அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசொலோனும் எடுப்பார்கள். சிப்ரோ தசைநாரைப் பாதிக்கக்கூடியது, குறிப்பாகக் குதிகாலுக்கு மேலே உள்ள பெரிய நாரை. பிரெட்னிசொலோன் சேர்ந்தால், வயதும் அறுபதைத் தாண்டினால், அது அறுந்துபோகிற ஆபத்து கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 இல் இதற்குக் கடும் எச்சரிக்கை போட வைத்தது. குதிகாலில் நோவு கண்டால் தைலம் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். சிப்ரோவை மேற்கொண்டு போடாமல் உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

இரத்தம் போய்ப் போய் இரும்புக் குளிசை எடுப்பவர்களும் உண்டு, கல்சியம் எடுப்பவர்களும் உண்டு. இவை சிப்ரோவைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. சிப்ரோவைப் போட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து மற்றதை எடுங்கள். பால்மாத் தேத்தண்ணியோடும் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். சீனிக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சீனி திடீரென இறங்கலாம். இழுப்புக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களும் முன்னரே சொல்லிவிடுங்கள். வெயிலில் தோட்டத்தில் நின்றால் தோல் எரியும், அதையும்...

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுத் தம்பி நேரம் முடிகிறது என்று கையைக் காட்டுகிறார். ரிஃபாக்சிமின் என்ற இன்னொரு அன்டிபயோட்டிக் பற்றி விரிவாகச் சொல்லவிருந்தேன். அது பெரும்பாலும் குடலுக்குள்ளேயே நிற்பதால் உடம்புக்குத் தொந்தரவு குறைவு, விலைதான் கூட. கடைசியாக ஒன்று: எந்த அன்டிபயோட்டிக் எடுத்தாலும், முடிந்து சில வாரத்துக்குள் வயிற்றோட்டம் கூடினால் பழைய வருத்தம்தான் கிளம்பியது என்று நினைத்துவிட வேண்டாம். க்ளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியாகவும் இருக்கலாம். ஓட்டத்தை அடக்கும் குளிசையை நீங்களாக வாங்கிப் போடாமல், மலத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வணக்கம்.