வேல் வடிக்கிறது யாரு வேலை?

நடுவர் ஐயாவுக்கும், எதிர்ல உக்காந்திருக்க பெற்றோர் அணி அண்ணனுக்கும் அக்காவுக்கும், பாய விரிச்சு பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டு கேக்க வந்திருக்க மேலூர் ஜனங்களுக்கும் வணக்கம். பிள்ளைகளோட திறமைய வளர்க்குறதுல பெரும்பங்கு பெற்றோருக்கா ஆசிரியருக்காங்கறது தலைப்பு, நான் ஆசிரியருக்கேன்னு பேச வந்திருக்கேன். நடுவர் ரிட்டையர்டு தமிழ் வாத்தியாரு, அதனால எங்க பக்கம் சாஞ்சிருவாருன்னு எதிரணிக்கு ஒரு பயம். பயப்படாதீங்க, வாத்தியாரு யாருக்கும் சும்மா மார்க்கு போட மாட்டாரு.

மொதல்ல பேசுன அண்ணன் என்ன சொன்னாரு, எம்பொண்ணுக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருந்து தெர்மாகோல்ல மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் செஞ்சு கொடுத்தது நானா அவ டீச்சரான்னு கேட்டாரு, நீங்களும் கைதட்டுனீங்க. சரிண்ணே, வெட்டுனது நீங்க, ஒட்டுனது நீங்க, பெயிண்ட் அடிச்சதும் நீங்க. அப்ப வளந்தது யாரு திறமை? அடுத்த வருசம் வெளியில ஆர்டரே எடுக்கலாம்ணே நீங்க.

அடுத்து அக்கா பேசுனாக. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே'ன்னு புறநானூத்துல பொன்முடியார் பாட்ட எடுத்துப் போட்டு, பாத்தீங்களா ஆத்தா இருக்கா அப்பன் இருக்கான், வாத்தியாருக்கு எடமே இல்லன்னு டேபிள தட்டிட்டு உக்காந்துட்டாக. அக்கா அருமையா பேசுவாக, ஆனா பாட்ட பாதியில நிறுத்திட்டாகளே. மூணாவது அடி என்னக்கா? 'வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே'. பெத்தவளே சொல்லுறா, பெத்து வளத்தது நான், ஆளாக்குனது அவரு, ஆனா எம்மகன் கையில பிடிக்கிற வேல வடிச்சுக் கொடுக்க எங்களால ஆகாது, அதுக்கு தொழில் தெரிஞ்ச கொல்லன் வேணும்னு. அந்தக் கொல்லன்தான் எங்க அணி.

கொல்லன் வேலைன்னா என்னன்னு நான் நேர்ல பாத்திருக்கேன், எங்க சின்னம்மாவ கட்டிக் கொடுத்தது திருப்பாச்சேத்தியில, அருவாளுக்கு பேர் போன ஊருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பட்டறையில பழைய லாரி ஸ்பிரிங் பட்டைய நெருப்புல போட்டுட்டு அந்த மாமா என்ன பாப்பாரு தெரியுமா, நெறத்தத்தான் பாப்பாரு. கருஞ்செவப்பா இருக்கையில அடிச்சா இரும்பு மசியாது, வெள்ளையா பொரி பறக்க விட்டுட்டா தீஞ்சு போயிரும், நல்லா ஆரஞ்சுப் பழ நெறத்துக்கு வரணும், வந்த நொடி எடுத்து அடிக்கணும். இரும்ப கொண்டாந்து கொடுத்தவருக்கு அந்த நெறம் தெரியுமா? அவரு வாசல்ல நின்னுக்கிட்டு சீக்கிரம் அடிங்கய்யா பஸ்ஸு போயிரும்னு கத்திக்கிட்டு இருப்பாரு. எல்கேஜி பிள்ளைய இப்பவே கலெக்டராக்கணும்னு நிக்கிற ஆளுக மாதிரியே.

இப்ப எங்கதைக்கு வர்றேன். அஞ்சாப்பு படிக்கையில கணக்குல நான் சைபர். டீச்சர் வாயால சொல்லி போடச் சொன்ன கணக்கெல்லாம் ரைட்டு, போர்டுல எழுதிப் போட்டதெல்லாம் தப்பு. வீட்டுல இத யாரும் கவனிக்கல, மார்க்க மட்டும் பாத்தாக, எங்கப்பா விளக்குமாத்த எடுத்தாரு, அப்பத்தா இது மக்குக் கழுதன்னு பேரே வச்சிருச்சு. எங்க டீச்சர் மட்டும் என் நோட்ட ரெண்டு நாளு வச்சுக்கிட்டாக. போர்டுல 3 போட்டிருந்தா நான் 8-ன்னு எழுதியிருக்கேன், 7 போட்டிருந்தா 1-ன்னு எழுதியிருக்கேன், ஆனா நான் எழுதுன அந்த தப்பு நம்பருக்கு கூட்டல் சரியா இருக்கு! விடைய மட்டும் பாத்து பெருக்கல் குறி போட்டுட்டு போயிருந்தா அது தெரிஞ்சிருக்காது, என் கணக்க அவுக ஒவ்வொரு வரியா திரும்ப போட்டுப் பாத்திருக்காக. அப்பத்தான் சொன்னாக, இவளுக்கு கணக்கு தெரியுது, கண்ணுதான் தெரியலன்னு.

அதுக்கு வீட்டுல ஒரு ரகள. பொட்டப்பிள்ளைக்கு கண்ணாடி மாட்டுனா எவன் கட்டுவான்னு அப்பத்தா ஒப்பாரி வைக்காத குறை. (கட்டுனவரு அந்தா மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு, அவரும் கண்ணாடிதான்.) டீச்சர் ஒரு சனிக்கிழமை எங்கம்மாவையும் என்னையும் பஸ்ஸுல ஏத்தி மதுரைக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனாக, 1976-ல வெறும் 11 படுக்கையோட ஆரம்பிச்சு இன்னைக்கு எங்கெங்கருந்தோ ஆளுக வர்ற ஆஸ்பத்திரி. கண்ணாடி வாங்கி மாட்டிக்கிட்டு திரும்பி வர்றப்ப பஸ்ஸு போர்டுல மேலூர்னு பெருசா போட்டு அதுக்குக் கீழ குட்டியா 'வழி ஒத்தக்கடை'ன்னு இருந்துச்சு பாருங்க, அப்படி ஒரு வரி அங்க இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் எங்கூரு பஸ்ஸ கலர வச்சும் ஹாரன் சத்தத்த வச்சும்தான் கண்டுபிடிப்பேன்.

அண்ணன் சிரிக்கிறாரு, அப்ப எல்லா வாத்தியாரும் உங்க டீச்சர் மாதிரியான்னு கேப்பாரு. இல்லண்ணே. ஏழாப்புல ஒரு சாரு, அல்ஜீப்ரா உனக்கு வராது பேசாம தையல் கத்துக்கன்னாரு, ரெண்டு வருசம் நான் அந்த எக்ஸ் ஒய் பக்கமே போகல. ஆனா இதையும் கேளுங்க, எங்கப்பா திட்டுனது நூறு தடவ இருக்கும், ஒண்ணும் ஞாபகத்துல இல்ல, சாரு சொன்னது ஒரே தடவ, ரெண்டு வருசம் என்னைய முடக்கிப் போட்டுச்சு. யாரு பங்கு பெருசுன்னு இதுலயே தெரியலையா?

அக்கா எம்.எஸ்.சுப்புலட்சுமியயும் சொன்னாக, 1916-ல நம்ம மதுரையில பொறந்தவுக, அம்மா சண்முகவடிவு வீணை வித்வான், வீட்டுல இருந்துதான சங்கீதம் வந்துச்சுன்னு. வாஸ்தவம். அது அம்மாங்கறதால வந்துச்சா, வீணை தெரிஞ்சவுகங்கறதால வந்துச்சா? எங்கம்மாவும் அம்மாதான், அது பாடுன தாலாட்டுக்கு நான் முழிச்சுக்கிட்டு அழுவேனாம். எம்.எஸ்.ஸே பெரிய பேரு வாங்குன பொறவும் பெரிய பாட்டு வித்வான் செம்மங்குடி சீனிவாச ஐயர்கிட்ட உக்காந்து பாடம் கேட்டவுக.

கடைசியா இங்க இருக்க பெத்தவுகளுக்கு ஒரே ஒரு கேள்வி. என்.எம்.எம்.எஸ்.னு ஒரு பரீட்சை தெரியுமா, தெரிஞ்சவுக கை தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... அதுல ரெண்டு பேரு டீச்சருக, எனக்குத் தெரியும். எட்டாப்பு படிக்கிற கவர்மெண்ட் ஸ்கூல், எய்டெட் ஸ்கூல் பிள்ளைக எழுதலாம், வீட்டு வருமானம் வருசத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும், உதவித்தொகைக்கு தேர்வானா ஒம்பதாப்புல இருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் வருசம் 12,000 ரூவா, நாலு வருசத்துக்கு 48,000. இதுக்கு சனிக்கிழமை பிள்ளைகள வரச் சொல்லி பழைய கொஸ்டின் பேப்பர போட்டுக் கொடுக்குற வாத்தியாருக எத்தனையோ பேரு, அந்த கிளாசுக்கு தனி சம்பளமெல்லாம் கெடையாது, பிள்ளையோட அப்பன்காரன இ-சேவைக்கு வெரட்டி வருமான சர்டிபிகேட் வாங்க வைக்கிறதும் அவுகதான். உங்க பிள்ளைக்கு மனக்கணக்கு மின்னல் மாதிரி வருதுன்னு மொதல்ல பாத்தது அவுகதான? நீங்க கடைக்கு அனுப்பி சில்லறைய மட்டும்தான சரி பாத்தீங்க?

நடுவர் ஐயா பெல் அடிச்சிட்டாரு, முப்பது வருசம் பெல்லுக்கு பாடம் நடத்துன கை, ஒரு நிமிசம் கூட்டித் தராது. எட்டாப்புல பிள்ளை இருக்கவுக மட்டும் முடிஞ்ச பொறவு மேடைக்குப் பின்னாடி வாங்க, என்னென்ன பேப்பர் வேணும்னு எழுதித் தர்றேன். வணக்கம்.